கடிதம் யாருக்குச் சொந்தம்? – கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் வாழ்வும் வழக்கும்

நம் வீடுகளில் பழைய அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது சில வேளைகளில் ஒரு தகரப் பெட்டி அகப்படும். அதற்குள் கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கும். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில், சவூதியிலும் குவைத்திலும் தொழில் பார்த்த வாப்பாமாரும் மாமாமாரும் எழுதியவை அவை. அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் உம்மாவாகவோ மூத்தம்மாவாகவோ இருப்பார். அந்தக் கடிதங்கள் யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, பெற்றவருக்கா? பெட்டியைத் திறந்தவர் அவற்றைப் பிறருக்கு வாசித்துக் காட்டலாமா? அச்சிட்டு விற்கலாமா?

இந்தக் கேள்வி 1741ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு நீதிமன்றத்தின் முன் வந்தது. அதைக் கொண்டு வந்தவர் அன்றைய இங்கிலாந்தின் தலைசிறந்த கவிஞர். அவர் பெயர் அலெக்சாண்டர் போப்.

போப் என்றதும் தமிழ் படிக்கும் நமக்குத் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் அவர்களே நினைவுக்கு வருவார். அவர் பிறந்தது 1820இல். இக்கட்டுரை கூறும் போப் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர்.

அலெக்சாண்டர் போப் 1688ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் துணி வியாபாரி. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தாயார் பெயர் எடித். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பத்தினர். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கராக இருப்பது எளிதான காரியமன்று. போப் பிறந்த ஆண்டிலேயே கத்தோலிக்க அரசர் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. அதன் பின்னர் கத்தோலிக்கர் மீது சட்டங்கள் மேலும் இறுகின. அவர்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற முடியாது. அரச பதவி வகிக்க முடியாது. இலண்டன் நகரிலிருந்து பத்து மைல் தொலைவுக்குள் குடியிருக்கவும் கூடாது. எனவே 1700ஆம் ஆண்டளவில் போப்பின் குடும்பம் வின்ட்சர் வனத்தை அடுத்த பின்ஃபீல்ட் என்னும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. சிறுபான்மையாக வாழ்வது எப்படிப்பட்டது என்பதைப் போப் குழந்தைப் பருவத்திலேயே அறிந்துகொண்டார்.

இன்னொரு சோதனையும் அவருக்குக் காத்திருந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு வயதில் அவரது முதுகெலும்பைக் காசநோய் தாக்கியது. முதுகு வளைந்தது, வளர்ச்சி நின்றது. முழு வளர்ச்சி அடைந்த பின்னரும் அவரது உயரம் 4 அடி 6 அங்குலம் மட்டுமே. தலைவலியும் மூச்சுத் திணறலும் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் விறைப்பான கன்வஸ் துணியால் ஆன உட்சட்டையை யாராவது இறுக்கிக் கட்டிவிட்டால்தான் அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அவருடைய பகைவர்கள் கவிதையைக் குறைகூற இயலாத இடத்தில் கூன் முதுகைக் கேலி செய்தனர்.

பள்ளிக்கூடப் படிப்பு அவருக்குச் சிறிது காலமே கிடைத்தது. மீதியை அவர் தாமாகவே கற்றார். இலத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் இத்தாலியமும் பெரும்பாலும் அவர் சொந்த முயற்சியால் படித்தவை. சிறுவயதில் அவர் எழுதப் பழகிய முறை வியப்பானது. அச்சிட்ட புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த அச்செழுத்துகளைப் போலவே எழுதிப் பழகினார். வாழ்நாள் முழுவதும் அவர் விரும்பினால் கையெழுத்தை அச்செழுத்துப் போல் எழுதக்கூடியவராக இருந்தார்.

1709ஆம் ஆண்டில், இருபத்தோரு வயதளவில், அவருடைய முதற் கவிதைகள் அச்சேறின. 1711இல் வெளிவந்த திறனாய்வு பற்றிய செய்யுள் நூல் அவரை இலண்டன் இலக்கிய உலகில் நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு வெளிவந்த நகைச்சுவைக் காவியம் ஓர் உண்மைச் சம்பவத்தில் பிறந்தது. பீட்டர் பிரபு என்பவர் அரபெல்லா ஃபெர்மர் என்னும் பெண்ணின் கூந்தற் சுருள் ஒன்றை அவரது அனுமதியில்லாமல் வெட்டி எடுத்துவிட்டார். இரு குடும்பங்களும் பகைத்துக்கொண்டன. ஜோன் கெரில் என்னும் நண்பர், இந்தச் சண்டையைச் சிரிப்பாக மாற்ற ஒரு கவிதை எழுதும்படி போப்பைக் கேட்டார். அவ்வாறு எழுதப்பட்ட அந்தக் காவியம் இன்றும் ஆங்கில இலக்கிய மாணவர்களின் பாடநூலாக இருக்கிறது. கெரில் என்னும் இந்த நண்பரின் பெயரை நினைவில் வைத்திருப்போம். நம் கதையின் முடிவில் அவர் மீண்டும் வருவார்.

அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் பிழைக்க வேண்டுமானால் ஏதாவதொரு பிரபுவின் தயவை நாட வேண்டியிருந்தது. போப் அதை விரும்பவில்லை. கிரேக்க மகாகவி ஹோமரின் 'இலியட்' காவியத்தை ஆங்கிலச் செய்யுளில் மொழிபெயர்க்கப் போவதாக அறிவித்து, வாசகர்களிடம் முன்பணம் பெற்றார். ஆறு பாகங்கள், பாகத்துக்கு ஒரு கினி. 1715 முதல் 1720 வரை அவை வெளிவந்தன. இதன் மூலம் ஏறத்தாழ 5000 பவுண் அவருக்குக் கிடைத்தது. அந்நாளில் அது பெருஞ் செல்வம். எவருடைய தயவுமின்றித் தன் பேனாவால் மட்டுமே செல்வந்தரான முதல் ஆங்கிலக் கவிஞர் அவர் என்று கூறலாம். தம் எழுத்தின் விலையை அவரைப் போல் அறிந்தவர் அன்று வேறு எவரும் இல்லை.

இத்தனை செல்வம் வந்த பின்னரும் கடதாசியில் அவர் கடுஞ்சிக்கனக்காரர். 'இலியட்' மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதி இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் மறுபுறத்தில் நண்பர்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கும்! தமக்கு வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்திலேயே அவர் ஹோமரை மொழிபெயர்த்திருக்கிறார். வந்த கடிதத்தின் கடதாசி தமக்கே சொந்தம் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் அதில் எழுதியிருந்த சொற்கள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் பின்னர் அவர் வாழ்வின் பெரிய கேள்வியாயிற்று.

1717இல் தந்தை காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின் போப் தாயாரையும் அழைத்துக்கொண்டு தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ட்விக்கன்ஹாமில் குடியேறினார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பாதை ஓடியதால், பாதைக்கு அடியில் ஒரு சுரங்க வழி அமைத்து, அதைச் சிப்பிகளாலும் பளபளக்கும் கற்களாலும் அலங்கரித்தார். அவர் திருமணம் செய்யவில்லை. முதிய தாயாரைத் தம்முடனேயே வைத்துப் பராமரித்தார். 1733இல் தொண்ணூறு வயதளவில் தாயார் மறையும்வரை அந்தப் பணிவிடை தொடர்ந்தது. தாயாரின் நினைவாகத் தோட்டத்தின் எல்லையில் ஒரு கல்தூண் எழுப்பினார். கடுஞ்சொல்லுக்குப் பெயர்போன ஒரு மனிதரின் மறுபக்கம் இது.

இப்போது அவருடைய நீண்ட காலப் பகைவரைச் சந்திப்போம். அவர் பெயர் எட்மண்ட் கேர்ல். இலண்டன் புத்தக வியாபாரி. அக்காலத்தில் புத்தகம் விற்பவர்களே பதிப்பாளர்களாகவும் இருந்தனர். யாராவது பிரபலமான மனிதர் இறந்தால் போதும். சில நாட்களில் அவருடைய வாழ்க்கை வரலாறும் மரண சாசனமும் கடிதங்களும் கேர்லின் கடையில் விற்பனைக்கு வந்துவிடும். இவரை நினைத்தால் சாகவும் பயமாக இருக்கிறது என்று அன்றைய அறிஞர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். தாம் வெளியிட்ட நூல் ஒன்றுக்காக 1728இல் பொதுவீதியில் தண்டனை மரத்தில் நிறுத்தப்பட்டவரும் இவரே.

போப்புக்கும் கேர்லுக்கும் இடையிலான மோதல் 1716இல் தொடங்கியது. போப்பின் தோழியும் கவிஞருமான மேரி வோட்லி மொண்டேகு சீமாட்டியின் கவிதைகளைக் கேர்ல் அனுமதியின்றி வெளியிட்டார். அவற்றைப் போப்பும் எழுதியிருக்கலாம் என்ற குறிப்பும் நூலில் இருந்தது. போப் கேர்லைச் சமாதானம் பேச அழைத்து, அவருடைய பானத்தில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டார். கேர்ல் வீட்டுக்குச் சென்று பட்ட பாட்டைப் போப்பே ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டு ஊரைச் சிரிக்க வைத்தார். சிரிப்பாகத் தோன்றினாலும் இது செய்யத்தக்க காரியமன்று. அந்தச் சீமாட்டி அதே ஆண்டு தூதுவரான கணவருடன் இஸ்தான்பூலுக்குப் புறப்பட்டார். அங்குள்ள பெண்களிடம் அம்மைக் குத்தும் முறையைக் கண்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அவரே.

1710ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆன் அரசியார் காலத்துச் சட்டம் என்று அதனை அழைப்பர். அதற்கு முன்னர் நூலை அச்சிடும் உரிமை முழுவதும் அச்சகத்தாரின் கையில் இருந்தது. புதிய சட்டம் முதன்முறையாக நூலாசிரியரையே உரிமையாளராக ஏற்றது. புதிய நூல் ஒன்றுக்கு 14 ஆண்டுகள் உரிமை. ஆசிரியர் அப்போதும் உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். ஆனால் அச்சட்டம் பேசியது நூல்களைப் பற்றி. தனிப்பட்ட கடிதங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. கேர்ல் புகுந்த வழி அந்த இடைவெளிதான்.

போப் இளவயதில் ஹென்றி குரொம்வெல் என்னும் நண்பருக்கு நிறையக் கடிதங்கள் எழுதியிருந்தார். குரொம்வெல் அவற்றை எலிசபெத் தோமஸ் என்னும் பெண் கவிஞருக்குக் கொடுத்துவிட்டார். காலப்போக்கில் அப்பெண் வறுமையில் வீழ்ந்தார். கையில் இருந்தவற்றுள் விலைபோகக் கூடியவை போப்பின் கடிதங்கள். அவற்றைக் கேர்லிடம் விற்றார். 1726இல் கேர்ல் அவற்றை அச்சிட்டார். இருபது வயது இளைஞன் தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள எழுதிய பேச்சுகளை இப்போது இலண்டன் முழுவதும் வாசித்தது. எழுதியவரிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை.

போப் நீதிமன்றம் செல்லவில்லை. கவிதையால் பழி தீர்த்தார். 1728இல் வெளியான 'டன்சியட்' என்னும் அங்கதக் காவியத்தில் கேர்லையும் எலிசபெத் தோமஸையும் மிகக் கேவலமாகச் சித்திரித்தார். கேர்லுக்கு அது விளம்பரமாயிற்று. ஆனால் அந்த ஏழைப் பெண்ணோ அப்போது கடனுக்காகச் சிறைக்குச் சென்றிருந்தார். 1731இல் அவர் இறந்தார். அவர் செய்தது பிழைதான். எனினும், வறுமையால் பிழை செய்த ஒருவரை, வாசிப்போர் எல்லாம் சிரிக்கும்படி காலமெல்லாம் நிற்கும் கவிதையில் வைத்தது நியாயமான தண்டனைதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதன் பின் போப் நண்பர்கள் எல்லோரிடமும் தாம் எழுதிய கடிதங்களைத் திருப்பித் தருமாறு வேண்டினார். கேர்லின் கையில் அகப்படக் கூடாது என்பதே அவர் கூறிய காரணம். பலர் கொடுத்தார்கள். ஜோன் கெரிலும் கொடுத்தார். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கடிதத்தையும் பிரதியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அது போப்புக்குத் தெரியாது.

திரும்பி வந்த கடிதங்களைப் போப் எரித்துவிடவில்லை. அவற்றைத் திருத்தினார், செப்பனிட்டார், வெளியிட விரும்பினார். ஆனால் தம் கடிதங்களைத் தாமே அச்சிடுவது தற்பெருமை என்று அக்காலச் சமூகம் எண்ணியது. வெளியிடவும் வேண்டும்; வெளியிட்டவர் தாம் என்று தெரியவும் கூடாது. இதற்காக அவர் வகுத்த திட்டம் ஒரு துப்பறியும் கதையைப் போன்றது.

1733இல் பெயரை மறைத்து இரண்டு எழுத்துகளால் மட்டும் ஒப்பமிட்ட ஒருவர் கேர்லுக்குக் கடிதம் எழுதினார். தம்மிடம் போப்பின் கடிதங்கள் ஏராளமாக இருப்பதாகத் தெரிவித்தார். 1735இல் ஸ்மித் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் இரவில் கேர்லிடம் வந்தார். அவர் அணிந்திருந்தது பாதிரியாரின் அங்கி; கழுத்தில் இருந்ததோ சட்டத்தரணியின் பட்டி. ஏற்கெனவே அச்சிட்டு முடித்த தாள்களை அவர் கொண்டுவந்தார். கேர்ல் மகிழ்ச்சியோடு வாங்கினார். பிரபுக்களின் கடிதங்களும் நூலில் உண்டு என்று விளம்பரமும் வந்தது. பிரபு ஒருவரின் எழுத்தை அவரது அனுமதியின்றி அச்சிடுவது பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறும் குற்றம். மே மாதம் 12ஆம் திகதி பிரபுக்கள் சபையின் உத்தரவில் நூல்கள் கைப்பற்றப்பட்டன. கேர்ல் சபை முன் அழைக்கப்பட்டார். ஆனால் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது பிரபு எவரும் எழுதிய கடிதம் ஒன்றுகூட இருக்கவில்லை. கேர்ல் தலை நிமிர்ந்து வெளியே வந்தார்.

போப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, கடிதங்களைத் திருடியவர் யார் என்று வெளிப்படுத்துவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். எவரும் பரிசு கேட்டு வரவில்லை. வரவும் முடியாது, ஏனெனில் அந்த மர்ம மனிதர்களை அனுப்பியவர் போப்பேதான். கேர்லின் பதிப்பு களவுப் பதிப்பு, பிழை மலிந்தது, ஆகவே சரியான பதிப்பை நானே வெளியிட வேண்டியதாயிற்று என்று சொல்லிக்கொண்டு 1737இல் தம் கடிதத் தொகுப்பைப் போப் வெளிப்படையாகக் கொண்டுவந்தார். அக்கடிதங்களில் தெரிந்த நல்லுள்ளத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்த பாத் நகரச் செல்வந்தர் ரால்ஃப் எலன் போப்பைத் தேடி வந்து நண்பரானார்.

இதே தந்திரத்தை அவர் மறுமுறையும் செய்தார். இம்முறை அகப்பட்டவர் பகைவரல்லர், உயிர் நண்பர். 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனதன் ஸ்விஃப்ட், அயர்லாந்தின் டப்ளின் நகரத் தேவாலயம் ஒன்றின் தலைவராக இருந்தார். இருவரும் கால் நூற்றாண்டு காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தனர். அந்தக் கடிதங்களைத் திருப்பித் தருமாறு போப் ஆண்டுக் கணக்காக வற்புறுத்தினார். இறுதியில் அவை கிடைத்தன. அவற்றை இரகசியமாக அச்சிட்டு, அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு பிரதியை டப்ளினுக்கு அனுப்பிவைத்தார். ஸ்விஃப்ட் அப்போது எழுபது வயதைத் தாண்டியவர், நினைவு மங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலை அவர் டப்ளின் பதிப்பாளர் ஜோர்ஜ் ஃபோக்னரிடம் மறுபதிப்புச் செய்யக் கொடுத்தார். போப் எதிர்பார்த்தது இதைத்தான். நண்பர் அச்சிடத் துணிந்துவிட்டார், தடுக்க முடியவில்லை என்று வருந்துவது போல் காட்டிக்கொண்டு 1741இல் தம் பதிப்பை இலண்டனில் வெளியிட்டார். பழி முதுமையில் தளர்ந்த ஸ்விஃப்டின் மீதும் அவர் வீட்டார் மீதும் விழுந்தது.

கேர்ல் சும்மா இருக்கவில்லை. அந்த நூலை உடனே தாமும் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். இம்முறை போப் கவிதையை நாடவில்லை; சட்டத்தை நாடினார். 1741ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் சான்சரி நீதிமன்றத்தில் கேர்லுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். வழக்கை விசாரித்தவர் ஹாட்விக் பிரபு.

கேர்லின் தரப்பில் மூன்று முக்கிய வாதங்கள் வைக்கப்பட்டன. முதலாவது, கடிதம் என்பது அனுப்பப்பட்டவருக்கு வழங்கிய அன்பளிப்பு. கொடுத்த பின் கொடுத்தவருக்கு அதில் உரிமை கிடையாது. இரண்டாவது, 1710ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியை வளர்ப்பதற்காக இயற்றப்பட்டது. நலம் விசாரித்து எழுதும் சாதாரணக் கடிதங்கள் கல்வி நூல்களாகா. மூன்றாவது, இந்நூல் முதலில் அயர்லாந்தில் அச்சானது. அங்கே அச்சான நூலை இங்கே எவரும் மறுபதிப்புச் செய்யலாம்.

ஜூன் மாதம் 17ஆம் திகதி ஹாட்விக் பிரபு அளித்த தீர்ப்பு மூன்றையும் நிராகரித்தது. கடிதத்தைப் பெற்றவருக்கு அந்தக் கடதாசி சொந்தமாகலாம்; ஆனால் அதில் உள்ளதை உலகுக்கு வெளியிடும் உரிமை அவருக்குச் செல்லவில்லை; அது எழுதியவரிடமே இருக்கிறது. கடிதங்களும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவையே. பிரசுரிக்கும் எண்ணமின்றி இயல்பாக எழுதப்பட்டவை மனிதருக்குப் பெரும்பயன் தரக்கூடும். அயர்லாந்தில் முதலில் அச்சிட்டால் தப்பிக்கலாம் என்று விட்டால் சட்டமே பயனற்றதாகிவிடும். இவையே தீர்ப்பின் சாரம். கேர்லின் விற்பனைக்குத் தடையுத்தரவு நீடிக்கப்பட்டது.

ஆனால் அந்த வெற்றி முழுமையானதன்று. தடையுத்தரவு போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஸ்விஃப்ட் போப்புக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி முறையிடப் போப்புக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அவை போப்பின் கையில் இருந்த கடதாசிகள்தான். ஆனால் சொற்கள் ஸ்விஃப்டினுடையவை. போப் தமக்குப் பெற்ற நீதியே அவருக்கும் ஓர் எல்லைக்கோடு போட்டது. ஸ்விஃப்டின் கடிதங்களை அச்சிடக் கேர்லுக்கு உரிமை இல்லை என்றால், அதே நியாயப்படி போப்புக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்கக்கூடிய ஒரே மனிதர் ஸ்விஃப்ட். அவரோ அடுத்த ஆண்டிலேயே தம் காரியங்களைத் தாமே பார்க்க இயலாதவரென்று பிறரின் பராமரிப்பில் விடப்பட்டார்.

போப் 1744ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் திகதி, 56 வயதில் காலமானார். விருப்பப்படியே ட்விக்கன்ஹாம் தேவாலயத்தில் பெற்றோருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். ஸ்விஃப்ட் 1745இலும் கேர்ல் 1747இலும் இறந்தனர்.

மனிதர்கள் மறைந்தனர், தீர்ப்பு நிலைத்தது. மேரி சீமாட்டி துருக்கியிலிருந்து எழுதிய கடிதங்கள் அவர் இறந்த மறு ஆண்டு, 1763இல், குடும்பத்தினர் விரும்பாத நிலையிலேயே அச்சாகின. ஆனால் 1774இல் செஸ்டர்ஃபீல்ட் பிரபு தம் மகனுக்கு எழுதிய கடிதங்களை மகனின் விதவை மனைவி விற்றபோது, பிரபுவின் சொத்துப் பொறுப்பாளர்கள் நீதிமன்றம் சென்று தடையுத்தரவு பெற்றார்கள். போப்பின் வழக்குக்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1841இல், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டனின் கடிதங்கள் பற்றிய வழக்கிலும் நீதியரசர் ஜோசப் ஸ்டோரி, உரிமை எழுதியவருக்கே என்ற வழியில் தீர்ப்பளித்தார். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் எழுதியவரின் உரிமையை அவர் வாழ்நாளிலும் அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையிலும் காக்கிறது.

இனி ஜோன் கெரிலிடம் திரும்புவோம். அவர் எடுத்து வைத்த பிரதிகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சார்ல்ஸ் வென்ட்வர்த் டில்க் என்னும் திறனாய்வாளரின் கைக்கு அவை வந்தன. அவர் அவற்றைப் போப் அச்சிட்ட கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கண்டது அதிர்ச்சி. கெரிலுக்கு எழுதிய கடிதங்களை வெட்டி ஒட்டி, புகழ்பெற்ற எழுத்தாளர் எடிசன் போன்றோருக்கு எழுதியவை போலப் போப் அச்சிட்டிருந்தார். எடிசன் 1719இலேயே இறந்துவிட்டதால் மறுத்துச் சொல்ல அவர் இருக்கவில்லை. 1854 முதல் டில்க் எழுதிய கட்டுரைகளால் போப்பின் சூழ்ச்சிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன.

இந்த வாழ்வைப் படித்து முடித்தபோது போப்பைப் பாராட்டுவதா, குறைகூறுவதா என்று என்னால் எளிதில் முடிவு செய்ய இயலவில்லை. நோயையும் பாரபட்சமான சட்டங்களையும் வென்று உயர்ந்தவர், தாயாரைப் போற்றியவர், கடிதம் எழுதும் ஒவ்வொருவருக்கும் அவர் வழக்கு ஒரு கேடயமாயிற்று. அதே மனிதர்தான் முதுமையில் தளர்ந்த நண்பரை ஏமாற்றினார்; இறந்தவரின் பெயரைப் பயன்படுத்தினார்; ஓர் ஏழைப் பெண்ணை மன்னிக்க மறுத்தார். நல்ல சட்டம் ஒன்று நல்லவரின் கையால்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் சட்டம் காக்கும் எல்லை ஒன்று. மனச்சாட்சி காக்க வேண்டிய எல்லை அதைவிடப் பெரிது.

நமக்கு அதற்கு ஒரு சொல் உண்டு. அமானிதம். ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதும் எழுதியதும் நம்மிடம் ஒப்படைத்த பொருளைப் போன்றவையே என்று சிறு வயதிலிருந்தே நமக்குக் கற்றுத் தருகிறார்கள். ஹாட்விக் பிரபு ஒரு நீதிமன்றத்தில் சொன்னதை நம் வீட்டு மூத்தம்மா ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார்.

இன்று நாம் கடதாசியில் கடிதம் எழுதுவது குறைவு. வட்ஸ்அப்பில் எழுதுகிறோம். ஒரு தோழி இரவில் அழுதுகொண்டு அனுப்பிய செய்தி, மறுநாள் காலை படமாக எடுக்கப்பட்டு முழு வகுப்பின் கைப்பேசியிலும் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அனுப்பியவள் பாடசாலைக்கு வரத் தயங்கி நிற்பதையும் கண்டிருக்கிறோம். அதைப் பரப்பியவருக்குக் கேர்லைப் போல் பணம்கூடக் கிடைப்பதில்லை. ஒரு நிமிடச் சிரிப்பு மட்டுமே கிடைக்கிறது. கைப்பேசி நம்முடையதாக இருக்கலாம். அதில் வந்த சொற்கள் நம்முடையவை அல்ல.

மூத்தம்மாவின் தகரப் பெட்டி அகப்பட்டால், முதலில் அவரிடம் அனுமதி கேட்போம். அவர் விரும்பினால் தம் வாயாலேயே வாசித்துக் காட்டுவார். விரும்பாவிட்டால், மூடியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவோம்.